வெளுத்துப்போன கயிறு

"அங்கிள், என்ரை மனுசனைக் கொன்றவனை நாலு பேருக்கு முன்னாலை காட்டித் தாங்கோ" என்று சொல்லிக்கொண்டேதான் பிரியதர்சினி உள்ளே வந்தாள். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

காப்புறுதி நிறுவனமொன்றில் முப்பது வருடம் விபத்துகளை ஆராய்ந்து ஓய்வுபெற்றவர் குணரத்தினம். டண்டினொங் புறநகர்த் தமிழர்கள் பொலிசிடம் சொல்லக் கூசுவதையெல்லாம் இவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். கூடவே, அவருக்குத் துணையாக வினுஷா. வக்கீல் அலுவலகத்தில் வேலை. துப்பு என்று கேட்டால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். குறிப்புப் புத்தகத்தை அதற்குள் விரித்துவிட்டாள்.

பிரியதர்சினியின் கணவன் லதீஸ் மரமேறி, கொப்பு வெட்டும் தொழிலாளி. யசோதரனின் மரப் பராமரிப்பு நிறுவனத்தில் ஆறு வருடம் ஏறினவன். மூன்று கிழமைக்கு முன், உயர்ந்த யூக்கலிப்டஸ் ஒன்றிலிருந்து விழுந்து செத்துப்போனான். அவன் தொங்கிய கயிற்றின் மறுமுனையை மரத்தடியில் கட்டியவன் நிதுஷன். முடிச்சுப் பிழை என்று யசோதரன் அறிக்கை எழுதி அவனை வேலையால் நிறுத்திவிட்டார். அந்த வேலையை நம்பித்தான் நிதுஷனின் விசா. பதினொரு நாளில் நாட்டைவிட்டுப் போகவேண்டும்.

"போகட்டும். செய்தனான் எண்டு சொல்லிப்போட்டுப் போகட்டும்" என்றாள் பிரியதர்சினி. அவளுடைய கருநீல ஸ்வெட்டரின் கைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் தெறித்திருந்தன. வேறு உடுப்பு மாற்றவும் மனம் வரவில்லை, பாவம் என்று வினுஷா நினைத்தாள்.

விசாரணை அதிகாரிகள் கயிற்றைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆய்வுகூட முடிவு வர மாதக்கணக்காகும். ஆனால் விழுந்த அன்றே எடுத்த படங்களை யசோதரன் தன் நிறுவனக் கொட்டகையில் வைத்து வேண்டாவெறுப்பாகக் காட்டினார். குணரத்தினம் ஒரு படத்தைப் பெரிதாக்கி வினுஷாவிடம் நீட்டினார்.

"முடிச்சு அப்பிடியே கிடக்குது, அங்கிள்! அடிமரத்திலை இறுகிப்போய்!"

"ஓம். மேலை, கொப்பிலை வளைஞ்ச இடத்திலைதான் அறுந்திருக்கு. கத்தி பட்டிருந்தா நேரா வெட்டுப்பட்டிருக்கும். இது பஞ்சு மாதிரிப் பிஞ்சிருக்கு." யசோதரனைப் பார்த்தார். "முடிச்சுப் பிழை எண்டு எழுதினீரே, ஐசே?"

"கயிறு பிழை எண்டா என்ரை தரச்சான்று போகும். சான்று இல்லாட்டி கவுன்சில் ஒரு மரமும் வெட்டத் தராது" என்றார் அவர் நிலத்தைப் பார்த்து. வினுஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுக்கு ஒரு பெடியன்ரை வாழ்க்கையோ?" என்று கத்தியேவிட்டாள்.

குணரத்தினம் கத்தவில்லை. சுவரில் தொங்கிய மற்ற மூன்று கயிறுகளையும் தடவிப் பார்த்தார். மூன்றிலும் நுனிப்பக்கம் இளஞ்சிவப்பாய் ஊறியிருந்தது.

"ஆயுத பூசைக்கு வைச்ச குங்குமம்" என்றார் யசோதரன். "மழையிலை ஊறிப்போச்சு. சான்றுக்குப் பார்க்க வாற வெள்ளைக்காரன் கேள்வி கேப்பான், அவரவர் கயிற்றை வீட்டை கொண்டுபோய்த் தோய்ச்சுக்கொண்டு வாங்கோ எண்டனான். வந்து பார்த்திட்டுப் போனான். அடுத்த நாள்தான் லதீஸ் விழுந்தவன்."

நிதுஷன் ஒரு வாடகை அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். "நான்தான் கட்டினனான். அப்பிடியே எழுதுங்கோ" என்றதோடு சரி. என்ன கேட்டும் வேறு சொல் வரவில்லை.

காரில் ஏறியதும் வினுஷா பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "முடிச்சுச் சரி எண்டு தெரிஞ்சும் ஏன் அங்கிள் சந்தோசமில்லாமல் இருக்கிறியள்?"

"மூண்டு கயிறு சோப்பிலை தோய்ச்சது. கறை போகேல்லை. லதீஸின்ரை கயிறு மட்டும் படத்திலை வெள்ளைவெளேரெண்டு கிடக்கு. சோப்பாலை போகாத குங்குமம் எதாலை போகும்?"

வினுஷா வாயைத் திறந்தாள். கருநீலம் வெளுத்துப் புள்ளிபட்ட அந்த ஸ்வெட்டர் கண்முன் வந்தது. "ஐயோ" என்றாள். "பிளீச்."

"அது நைலோன் கயிற்றைத் தின்னும். சொல்லாமல் விட்டிடலாமோ எண்டு பார்க்கிறன். விட்டால், படத்தை மட்டும் நம்பமாட்டாங்கள்; ஆய்வுகூட முடிவு வரமுன்னம் அந்தப் பெடியன் போயிடுவான்."

பிரியதர்சினியின் குசினியில் வைத்துச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. முடிச்சு, கறை, ஸ்வெட்டர், ஒன்றன்பின் ஒன்றாக. கடைசியில், "தெரியாமல் செய்தது, பிள்ளை" என்றார். வினுஷாவுக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. இந்தப் பாழாய்ப்போன துப்பை ஏன்தான் தேடினோம் என்றிருந்தது.

பிரியதர்சினி தன் கைகளைப் பார்த்தாள்.

"என்ன போட்டுத் தோய்ச்சனீர் எண்டு அவர் கேட்டவர். பேசுவார் எண்டு பயந்து சோப் எண்டனான்." பிறகு மெதுவாக, "தெரியாமல்தானே ஏறினவர், அங்கிள்? என்னிலை கோவிக்காமல்தானே போனவர்?" என்றாள்.

அவளே கைபேசியை எடுத்து நிதுஷனை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, உம்மிலை பிழையில்லை. கயிற்றைக் கெடுத்தது நான். நாளைக்கு வந்து எழுதிக் குடுக்கிறன்."

மறுமுனையில் அழுகை கேட்டது.

"வேண்டாம் அக்கா. லதீஸ் அண்ணைக்குக் கயிற்று மணத்திலையே பிளீச் எண்டு தெரிஞ்சிட்டுது. ஏறாதேங்கோ எண்டனான். 'இந்த ஒரு மரம்தானே, நாளைக்குப் புதுக் கயிறு எடுப்பம். பிரியாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, கவலைப்படுவாள்' எண்டு சிரிச்சுக்கொண்டுதான் ஏறினவர்."