அழித்த திடல்

கணினித் திரையில் விரிந்திருந்த ஆட்ட மேப்பில் ஒரு டோக்கன், அதாவது ஒரு காய், அதிகமாக இருந்தது.

ஆட்டத்தை நடத்தும் இளம்பரிதி மறுபடி எண்ணினான். ஆட்டக்காரர்கள் மூவருக்கு மூன்று, கோட்டைக் காவலர்களுக்கு நான்கு, போன வாரம் விளையாட்டாக மேப்பில் தன் வீட்டுக்குள் அவன் வைத்த மனைவி மதிவதனியின் படம் ஒன்று. எட்டுதான். திரையில் ஒன்பது. ஒன்பதாவது, படமும் பெயரும் இல்லாத ஒரு சாம்பல் வட்டம்.

ஞாயிறு மாலை நான்கரைதான், ஆனாலும் மூன்று நாள் மழையில் அறை இருண்டு கிடந்தது. மாவுக்கட்டு போட்ட வலது காலை முக்காலியில் தூக்கி வைத்திருந்தான். ஈரச் சாக்கின் வாசனை, தகரத்தில் விட்டுவிட்டுச் சொட்டும் நீர், அதற்கும் அப்பால் சம்பா வயல்கள் முழுக்க ஒரே குரலாய் எழும் தவளைச் சத்தம், எல்லாம் சேர்ந்து அவனை ஒரு பெரிய ஈரத் துணிக்குள் சுற்றி வைத்தது போலிருந்தது. கதிர் மூழ்குகிறதே என்று மதிவதனி மண்வெட்டியோடு வடிகால் மடையைத் திறக்கப் போயிருந்தாள். போக வேண்டியவன் அவன்.

"மாப்ள, கோட்டைக் கதவத் திறந்தா என்ன இருக்கு? சொல்லுடா," என்றான் ஹெட்போனில் உபைதுல்லா. பக்கத்துத் தெருக்காரன், இப்போது சார்ஜாவில்.

"இரு. சாம்பல் கலர்ல ஒரு டோக்கன் நீ வச்சியா?"

"நான் எங்க வைக்க? என் பக்கம் பாதி மேப் இருட்டுல கெடக்கு. ஆமா, இது நம்ம ஊர் வயல அளந்து வரைஞ்ச புலப்படந்தானே? நடுவுல இருந்த திடல் எங்க?"

"அழிச்சிட்டேன். கோட்டை வாசல் சரியா அங்க வந்துச்சு."

உபைதுல்லா குரலைத் தாழ்த்தினான். "டிராக்டரே அதச் சுத்திக்கிட்டுத்தானடா போகும். ஒனக்கு ரொம்பத் துணிச்சல்."

வாய்க்கால்களை அகழியாக்கி, வரப்புகளைப் பாதையாக்கி, ஒரு கட்டம் ஐந்தடி என்று கணக்கு வைத்து அவன் ஆசையாகச் செய்த மேப் அது. யாரும் உழாத, மாடு கூட மேயாத அந்த ஆறு சென்ட் இடுகாட்டுத் திடலை ஒரே இழுப்பில் அழித்திருந்தான். சாம்பல் வட்டம் நின்றது அந்த இடத்தில்தான்.

அழித்தான். மறைந்தது. மறுபடி வந்தபோது ஒரு கட்டம் தள்ளி நின்றது.

வெளியே எங்கோ ஒரு பக்கத்தில் மட்டும் தவளைச் சத்தம் நின்றது.

அடுத்த கட்டம். இன்னும் கொஞ்சம் அமைதி. அப்போதுதான் பார்த்தான், வீட்டுக்குள் வைத்த மதிவதனியின் படம் வீட்டில் இல்லை. வடிகால் மடையருகே இருந்தது. மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

போன் செய்தான். "எங்க இருக்க?"

"மடையத் திறந்தாச்சுங்க. ரோட்டுக்கு ஏறுறேன். அதுக்குள்ள பசிச்சிருச்சா?"

படம் ரோட்டுக்கு ஏறியது.

சாம்பல் வட்டமும் ரோட்டை நோக்கித் திரும்பியது.

"மதி, ரோட்டு வழியா வராத. குறுக்கால ஓடி வா. கேக்காத, ஓடி வா!"

"வயல்ல முழங்கால் தண்ணிங்க..."

"ஓடி வாடி!"

போனை மடியில் போட்டான். ஆட்டத்தில் சுவர் வரையும் கருவி உண்டு; வரைந்தால் எந்த டோக்கனும் கடக்காது. சாம்பல் வட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு அதைச் சுற்றி, வாய்க்காலைத் தாண்டி, இரண்டு வயலை வளைத்து, கோட்டின் இரு முனைகளையும் இணைத்தான். சுவர் மூடியது.

வட்டம் வந்து முட்டியது. நின்றது.

மூச்சு விட்டான். கண்ணில் நீர் முட்டியது. தவளைச் சத்தம் வீட்டைச் சுற்றி மீண்டும் நிறைந்தது.

"மாப்ள, லைன்ல இருக்கியா? செத்துட்டியா?" என்றான் உபைதுல்லா.

மடியில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"என்னங்க... நம்ம வயலுக்குக் குறுக்க யாரு சுவரு எழுப்புனா?"

திரையைப் பார்த்தான். சுவருக்குள் இரண்டு டோக்கன்கள்.

"காலைல இல்லியேங்க. மழையில நனையவே இல்ல. தொட்டா சுடுது."

சுவரைத் தேர்ந்தெடுத்தான். அழி. நீக்க அனுமதி இல்லை என்றது திரை. மறுபடி. அனுமதி இல்லை. மேப்பின் உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயர் இருக்க வேண்டும். அங்கே எதுவும் இல்லை.

சாம்பல் வட்டம் சுவரைவிட்டுத் திரும்பியது.

"மதி, சுவர ஒட்டியே ஓடு. நிக்காத!"

"எந்தப் பக்கங்க? எல்லாப் பக்கமும் சுவருதாங்க. பின்னாடி யாரோ தண்ணியில..."

எழுந்தான். விழுந்தான். மாவுக்கட்டு தரையில் மோதிய வலியில் கண் இருண்டது. ஹெட்போன் கழன்று ஓடியது. மேசைக் காலைப் பிடித்துத் தலையைத் தூக்கினான்.

ஐந்து கட்டம். மூன்று. ஒன்று.

ஒரு கட்டத்தில் ஒரு டோக்கன்தான் நிற்கலாம். அந்த விதியை வைத்தவன் அவன்தான்.

போனில் தண்ணீர் அலம்பும் ஓசை. ஒரு மூச்சு. பிறகு ஒன்றுமில்லை. ஒரு தவளை கூட இல்லை.

"மதி?"

"என்னங்க." குரல் நிதானமாக வந்தது. "வழி கெடச்சிருச்சு. வந்துக்கிட்டே இருக்கேன்."

அவள் படம் இருந்த டோக்கன் சுவரை ஊடுருவி வெளியே வந்தது. வரப்பு. ரோடு. தெரு. வாசல் தாழ்ப்பாள் போடாமல் கிடந்தது.

சுவருக்குள் சாம்பல் வட்டம் தனியாக நின்றது. ஒரு பக்கம் போய் முட்டியது. திரும்பி, மறுபக்கம் போய் முட்டியது. அதன் கீழே, காலியாக இருந்த இடத்தில், ஒவ்வொரு எழுத்தாக ஒரு பெயர் வந்துகொண்டிருந்தது.

மதிவதனி.

வாசலில் ஈரக் காலடி ஏறியது.