மாலை போட்ட குழாய்

"யாரு வரையறான்னு மட்டும் கண்டுபுடிச்சிக் குடுங்க சார். மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று கைப்பேசியை நீட்டினார் கவுன்சிலர் முனிரத்தினம்.

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ராமராஜன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சுவரில் கரிக்கட்டியால் வரைந்த தண்ணீர்க் குழாய். இறந்தவர் படத்துக்குப் போடுவதுபோல் அதற்கொரு மாலை, பக்கத்தில் ஊதுவத்தி. எழுத்து ஒன்றும் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் இப்படிப் பல சுவர்களில் முளைத்திருந்தது. தறியை விட்டு டீ குடிக்க வந்தவர்கள் அதன் முன் நின்று, தண்ணீர் ஏன் வரவில்லை, புதுக் குழாய் என்ன ஆயிற்று என்று பேசப் பழகிவிட்டார்கள். நேற்று அந்தப் பேச்சு கவுன்சிலர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதாம்.

அவருடைய சந்தேகமெல்லாம் பிரேம்நாத் மேல். வார்டு கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிற பையன். அரசு வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் விசாரணைக்காகக் காத்திருந்தான். ஒரு புகார் பதிவானால் வேலை போனமாதிரிதான். ராமராஜன் இதில் தலையிட்டதே அவனுக்காகத்தான்.

கூப்பிடாமலே கூட வந்தாள் ஜெராக்ஸ் கடை சந்தியா. பிரேம்நாத் பள்ளியில் தன்னோடு படித்தவன், அவனுக்குப் படமே வராது என்றாள். அது சாட்சியாகாது என்றார் ராமராஜன். இருவரும் தெருத்தெருவாக நடந்தார்கள். ரேஷன் கடை, பஞ்சர் கடை, மூடிக்கிடந்த சாயப்பட்டறை, எங்கும் குழாய். தேர்தல் விளம்பரத்துக்காகக் கட்சிக்காரர்கள் வெள்ளையடித்துப் பேரெழுதிப் பிடித்துவைத்த சுவர்களில் மட்டும், எந்தக் கட்சியானாலும், ஒரு கோடுகூட இல்லை. டீக்கடைக்கு எதிரே புதிதாக வெள்ளையடித்த நீளச் சுவர். அதில் கட்சிப் பேரும் இல்லை, குழாயும் இல்லை.

"இதவிட நல்ல எடம் எங்க சார் இருக்குது? இத ஏன் வுட்டுட்டான்?" என்றாள் சந்தியா.

ராமராஜனுக்குப் பொறி தட்டியது. அந்தச் சந்தோஷத்தில், அடுத்த காரியத்தை யோசிக்காமல் விட்டார்.

மறுநாள் காலை கவுன்சிலர் வீட்டு முற்றத்தில் பிரேம்நாத்தை நிறுத்தியிருந்தார்கள். கட்சி ஆட்கள் சூழ்ந்து நின்றார்கள். கவுன்சிலருக்கு வருடக்கணக்காகச் சுவர் விளம்பரம் எழுதும் பழனி ஓரமாகப் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான்.

"டீக்கடை எதிர்ச் சுவர் யாருது?" என்று கேட்டார் ராமராஜன்.

"நான் பேசி வெச்சது. இன்னும் பேரு எழுதல. எனக்கும் வெள்ளையடிச்ச பழனிக்கும்தான் தெரியும்" என்றார் முனிரத்தினம்.

"கோவக்காரப் பையன்னா உங்க பேரு மேலயே வரைஞ்சிருப்பான். இந்த ஆளு எதிர்க்கட்சி புடிச்ச செவுத்தக்கூடத் தொடல. ஒருத்தர் புடிச்ச செவுத்துல இன்னொருத்தர் கைவெக்கறதில்லன்றது செவுரு எழுதறவங்க வழக்கம். பேரு எழுதாத செவுத்தயும் வுட்டிருக்கான்னா..."

அங்கே நிறுத்தினார் ராமராஜன். நிறுத்தி என்ன பயன்? எல்லாத் தலைகளும் பழனி பக்கம் திரும்பிவிட்டன. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒருவர் வாயால் இன்னொருவர் கெட்டார். பழனியைத் தனியே அழைத்துப் பேசியிருக்கலாம். அது அப்போதுதான் ராமராஜனுக்கு உறைத்தது.

"நான்தாண்ணே. எங்க தெருவுலயும் தண்ணி வரல" என்றான் பழனி.

பிரேம்நாத் தப்பித்தான். ராமராஜன் மன்றாடியதால் பழனி மேல் புகார் இல்லை. ஆனால் இனிச் சுவர் வேலை கிடையாது, வரைந்ததையெல்லாம் அவனே அழிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் கவுன்சிலர்.

சாயங்காலம் பஞ்சர் கடைச் சுவரில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவனிடம் போய், தன் வீட்டுச் சுவரில் வரையச் சொன்னார் ராமராஜன். மன்னிப்புக் கேட்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"வேணாம் சார்" என்றான் பழனி. "யாருன்னு தெரியாதவரைக்கும் எல்லாரும் கொழாயப் பாத்தாங்க. இனிமே என்னத்தான் பாப்பாங்க."

அப்புறம் போன டீக்கடையில் பேச்சு சூடாகத்தான் நடந்தது. பழனியை ஏவிவிட்டது எந்தக் கட்சி என்று ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். ராமராஜன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை காத்திருந்தார். தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.