லென்ஸ் டப்பாவில் யார் கை?

போன் அலறியது.

கண் டாக்டரம்மா எடுத்ததும் மறுமுனையில் அழுகை.

"டாக்டர்... என் பொண்ணோட லென்ஸ் எல்லாம் திருடு போயிடுச்சு..."

பக்கத்துத் தெருதான். டாக்டரம்மா நடந்தே போனாள்.

பத்து வயதுப் பெண். வருஷா வருஷம் கிட்டப்பார்வை கிடுகிடுவென்று ஏறியது. அதற்குக் கடிவாளம் போடத்தான் கண்ணுக்குள் போடும் இந்த விசேஷ கான்டாக்ட் லென்ஸ். காலையில் புது ஜோடி, ராத்திரி குப்பையில். போட ஆரம்பித்த பிறகுதான் ஏற்றம் மட்டுப்பட்டிருந்தது. நிறுத்தினால் மறுபடி ஏறிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம்.

டப்பா காலி. கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

விசாரணை அம்மாவின் தம்பி கையில். இன்ஸ்பெக்டர்! நாற்பத்தைந்து வயதில் கல்யாணம் நிச்சயமாகி, மீசைக்கு மை அடித்து மிதப்பில் இருந்தார். பெண்ணின் சித்தப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை; அவரைத்தான் குடைந்துகொண்டிருந்தார். பெண் லென்ஸுக்கு மாறியதில் கடைக்கு நஷ்டமாம். சித்தப்பா பாவம், பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் எதிர்ச்சுவர் காலண்டரில் தேதி பார்த்துக் குறித்துக்கொண்டு, காலி டப்பாவைத் திருப்பி, அடியிலிருந்த பொடி எழுத்துக்களைக் கடகடவென்று படித்தார்.

"பவர், தேதி எல்லாம் இருக்கு. எங்க வித்தாலும் புடிச்சிடுவேன்."

டாக்டரம்மாவுக்குச் சுரீரென்றது.

போன மாதம் இதே மனிதர் அவளிடம் வந்திருந்தார். அக்கா மகளுக்கு இருக்கும் அதே கிட்டப்பார்வை பவர், கூடவே வெள்ளெழுத்து. கண்ணாடி எழுதிக் கொடுத்ததற்கு, மாப்பிள்ளை மூக்கில் சோடாபுட்டியா என்று சண்டை பிடித்தார்.

இப்போது மூக்கில் ஒன்றுமே இல்லை.

"கண்ணாடி எங்க, இன்ஸ்பெக்டர்?"

"ஜீப்ல..."

"அது இல்லாம தூரத்துக் காலண்டரையும் இந்தப் பொடி எழுத்தையும் எப்படிப் படிச்சீங்க?"

இன்ஸ்பெக்டர் டப்பாவை அவசரமாகக் கீழே வைத்தார்.

"இந்த லென்ஸ்ல ரெண்டு விதமான பவர் இருக்கு. குழந்தைக்குக் கிட்டப்பார்வை ஏறுறதைக் குறைக்கும். உங்க வயசுல போட்டா தூரமும் தெரியும், பேப்பரும் படிக்கலாம். கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க, கண்ணைப் பார்க்கணும்."

அவர் வரவில்லை. தலை தானாகக் குனிந்தது.

"ஒரு நாள் சும்மா போட்டுப் பாத்தேன்க்கா... பளிச்னு தெரிஞ்சுது. மிச்சம் ஸ்டேஷன்ல இருக்கு."

"புள்ள கண்ணுடா அது," என்றாள் அக்கா. கோபத்தைவிட அந்தக் குரலில் வேதனைதான் அதிகம்.

சித்தப்பாவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. மருமகள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகட்டும் மாமா. ஆனா வரப்போற அத்தைக்கு மட்டும் லென்ஸ் வாங்கிக் குடுத்துடாதீங்க... கல்யாணம் நின்னுடும்!"