கட்டைவிரல் சோதனை

மழை அந்த வீட்டு வண்டியின் சமையல் மேடை வரைக்கும்தான் பெய்தது. முன்பக்கம் நின்றால் கூரைமேல் சடசடவென்று காதை அடைத்தது. பின்னால் கட்டில் போட்ட அறைக்குள் ஓர் அடி வைத்ததும் சத்தம் அறவே இல்லை. நோரீன் முன்னால் வந்து பார்த்தாள். மழை. பின்னால் போனாள். ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே என்னவோ தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"இங்க மழைச் சத்தமே கேக்கல, வென்டல்."

"நல்லதாப் போச்சு. என் குறட்டை உனக்குத் துல்லியமாக் கேக்கும்," என்றான் கணவன், மெத்தையைத் தூக்கிப் பார்த்தபடி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவனுக்காகச் சிரித்து வைத்தாள். நெஞ்சைக் கிழித்துத் தைத்துப் பிழைத்து வந்த மனுஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதெல்லாம் இந்த ஒரே பேச்சு: வீட்டை விற்றுவிட்டு, இப்படிப் பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கி, ஆரிகன் மழையிலிருந்து அரிசோனா வெயில் வரைக்கும் இரண்டு பேருமாக ஓட்டிக்கொண்டே போக வேண்டும். வீட்டை விற்றாகிவிட்டது. அவன் பக்கத்தில் இருந்தால் போதும், எந்த வண்டியானால் என்ன என்றுதான் அவளும் கிளம்பி வந்தாள்.

முதல் தடவை வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு ஓர்வில் வேலிமேல் சாய்ந்துகொண்டு பாடமே எடுத்துவிட்டான். "வெயில்ல எல்லா வண்டியும் அழகாத்தான் இருக்கும். மழை கொட்டுற நாளாப் பாத்துப் போங்க. சுவரைக் கட்டைவிரலால அழுத்துங்க. உள்ள போச்சுன்னா மரம் ஊறிப்போச்சுன்னு அர்த்தம். திரும்பிப் பாக்காம வந்துடுங்க."

வென்டல் உடனே இடது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மர ஆலையில் ரம்பம் பாதியைத் தின்றுவிட்ட விரல். மொட்டையாக, நகமில்லாமல், ஒரு பக்கம் சரிந்திருக்கும். "மரத்தப் பத்தி இது பொய் சொல்லாது," என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கன்னத்தைத் தடவிய விரலும் அதுதான்.

வண்டியை விற்கிற டெல்பர்ட் குடையோடு வெளியே நின்றான். உள்ளே கால் வைக்கவே இல்லை. "நிதானமாப் பாருங்க. வர்றவங்க எல்லாருமே அழுத்தித்தான் பாக்குறாங்க," என்றான். அவன் கொட்டகையோரம் நாலைந்து கார்கள் சக்கரத்தைப் புல் மூட நின்றன. கார் வியாபாரமும் செய்கிறான் போலிருக்கிறது என்று நோரீன் நினைத்துக்கொண்டாள்.

"கட்டிலுக்கு அடியில சாமான் அறை இருக்கு. அதுக்கு வெளியிலதான் கதவு," என்றான் வென்டல். "நான் அங்க பாக்குறேன். நீ இங்க அழுத்திட்டே இரு. பயமா இருந்தா தட்டு கிழவி, நானும் தட்டுறேன்."

"போய்யா," என்றாள்.

அவன் இறங்கிப் போனான். இரும்புக் கதவு கிறீச்சிட்டது. கீழே ஏதோ உராய்ந்தது. டொக், டொக். அவளும் குதிகாலால் தட்டினாள். டொக்.

பக்கச் சுவரை அழுத்தினாள். கெட்டி. ஜன்னலுக்குக் கீழே. கெட்டி. பின்சுவரில் நீலப்பூப் போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. ஈர வாடையோ பூஞ்சை வாடையோ இல்லை. தூங்கி எழுந்த ஆளின் வாய் வாடை அடித்தது. விரலை வைத்தாள். உள்ளே போகவில்லை. ஆனால் சுவர் சூடாக இருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பூக்களுக்கு நடுவே சின்னச் சின்னப் புடைப்புகள். காகிதத்தின் வேலைப்பாடு என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. எல்லாம் கட்டைவிரல் அளவு. ஒன்று மெலிந்தது. ஒன்று தடித்தது. ஒன்று மிகச் சிறியது.

குதிகாலால் தட்டினாள். பதில் இல்லை.

"வென்டல்?"

ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். சாமான் அறைக் கதவு திறந்து கிடந்தது. அதற்குள் மழை விழுந்துகொண்டிருந்தது. சேற்றில் அவன் தொப்பி. அந்தப் பக்கம் டெல்பர்ட் குடையை மடக்கி வைத்துவிட்டு அவர்கள் காரைக் கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாமல்.

முதுகுக்குப் பின்னால் காகிதம் முறுக்கிக்கொள்கிற சத்தம்.

ஓடலாம். கதவு திறந்துதான் இருந்தது. சமையல் மேடைக்கு அப்பால் மழை பெய்வதும் கேட்டது. அவள் திரும்பினாள்.

அவள் கன்ன உயரத்தில் ஒரு நீலப்பூ மெல்ல எழும்பியது. மொட்டையாக. நகமில்லாமல். ஒரு பக்கம் சரிந்து.

அழுத்தியது. நின்றது. மறுபடி அழுத்தியது. மரத்தைச் சோதிக்கிற மாதிரி, பொறுமையாக.

உள்ளே போனால் என்ன செய்வது என்று ஓர்வில் சொல்லியிருந்தான். வெளியே வந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றாள். "இங்கதான்யா இருக்கேன்."

தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள்.

சமையல் மேடைப் பக்கமும் மழைச் சத்தம் நின்றது.

விரல் உள்ளே போனது.