இடது பக்கம் மூன்றாவது பலகை

காலி ட்ரெய்லர் இடது பக்கம் நாலு விரல் தாழ்ந்து நின்றது.

பெரியவன் முதலில் தரையைத்தான் சந்தேகப்பட்டான். பட்டறை முற்றத்து சிமெண்ட் தரை அவன் கையால் போட்டது. இருபது வருஷமாக அதன்மேல் வண்டிகளை நிறுத்தி வெல்டிங் செய்கிறான், அது ஒரு பக்கம் இறங்க வாய்ப்பே இல்லை. இருந்தாலும் மட்டம் வைத்துப் பார்த்தான். தரை சரியாகத்தான் இருந்தது. டயர்களில் காற்றும் இரண்டு பக்கமும் ஒரே அளவு. பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். நடுவில் ஒரு தடுப்பு, வலது பக்கம் ஒரு குதிரைக்கு இடம், இடது பக்கம் ஒரு குதிரைக்கு இடம், கீழே புத்தம் புது ரப்பர் விரிப்பு. வேறொன்றும் இல்லை. ஸ்பிரிங் செத்திருக்கும், பழைய வண்டிதானே என்று சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினான்.

குதிரை ஏற்றிப்போகும் அந்த ட்ரெய்லரைச் சின்னவன் வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கூடப் பிறந்த தம்பி. காலையில் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தும்போதே ஊரை வாங்கிவிட்ட மாதிரி சிரிப்பு. காலில் புதிதாகப் பழுப்பு நிற பூட்ஸ், குதிகாலில் லாடம் அடித்தது, நடந்தால் டக் டக் என்று சத்தம். ட்ரெய்லரின் முன்பக்கத்தில் எதையோ எழுதி மேலே காகிதம் ஒட்டி மறைத்திருந்தான். சாயந்தரம் பிரித்துக் காட்டுகிறேன் என்றான். பெரியவன் கேட்கவே இல்லை. வேறென்ன எழுதியிருப்பான், மகாராணியின் பெயரைத்தான் எழுதியிருப்பான்.

மகாராணி என்பது சின்னவன் வளர்க்கும் பெண் குதிரை. போன மாதம் பந்தயத்தில் முதலாவதாக வந்தது. பேப்பரில் படம் வந்தது, குதிரையும் சின்னவனும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு. பெரியவனின் மனைவி அதை வெட்டி எடுத்து, பெரியவனின் வீட்டு ஃப்ரிட்ஜில், பெரியவன் தினம் தண்ணீர் பாட்டில் எடுக்கும் கதவிலேயே ஒட்டி வைத்தாள். வருகிறவர்களிடம் எல்லாம் “என் கொழுந்தன்” என்று காட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, அவனுக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷம் நெருப்புப் பொறியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவனை எந்தப் பேப்பரும் படம் பிடிக்கவில்லை, அவன் பெண்டாட்டியும் எதையும் வெட்டி ஒட்டவில்லை.

போகும்போது சின்னவன் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். “நாலு மணிக்கு மகாராணியைக் கூட்டிட்டு வந்துடுறேண்ணே, அடுத்த பந்தயத்துக்கு இன்னிக்கே கிளம்பணும். மூடின வண்டியில அவ பயந்துடுவா, அதனால நானும் உள்ள இடது பக்கம் நின்னுட்டே போகப்போறேன். அடியெல்லாம் நல்லாப் பாத்துடு. நீ பேசுதுன்னு சொன்னா ஏத்திடுவேன். வேற எவன் சொன்னாலும் ஏத்த மாட்டேன்.”

பேசுது என்பது அந்தப் பட்டறையில் மட்டும் புழங்கும் வார்த்தை. அப்பா நடத்திய காலத்திலிருந்து வருவது. ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்துச் சுத்தியலால் ஒவ்வொரு சட்டமாக, ஒவ்வொரு பலகையாகத் தட்டுவான். மேலே நிற்பவன் அந்த இடத்தைக் குதிகாலால் ஒரு மிதி மிதிப்பான். இரண்டு பேரும் ஒரே பலகையில்தான் இருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். சத்தம் கணீரென்று வந்தால் கீழே இருப்பவன் “பேசுது” என்று குரல் கொடுப்பான். துருப்பிடித்தோ உளுத்தோ போயிருந்தால் சத்தம் எழும்பாது. அப்போது “ஊமை” என்று சொல்லி, சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவான். அவ்வளவுதான் பரிசோதனை. இதில் பெரியவன் எப்போதும் கீழே, சின்னவன் எப்போதும் மேலே. நீ பொறுப்பானவன் என்று அப்பா அவனைக் கீழே தள்ளிவிடுவார். பொறுப்பானவன் கண்ணில் துரு விழுந்தது. சின்னவன் மேலே காற்று வாங்கிக்கொண்டு நின்றான்.

இன்றைக்கு மேலே நிற்க ஆளில்லை. மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. வானம் மூடிக்கொண்டு வெயிலே இல்லை. பெரியவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மல்லாந்து, ட்ரெய்லருக்கு அடியில் நகர்ந்தான்.

அடியில் பழைய சாணியும் மூத்திரமும் ஊறிக் காய்ந்த நெடி, அதற்கு மேலே புதுத் தாரின் நெடி, இரண்டும் கலந்து தொண்டையைப் பிடித்தது. நீளச் சட்டங்கள் இரண்டையும் முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே போனான். மேல்துரு இருந்தது, சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது, உள்ளே இரும்பு நல்ல இரும்பு. குறுக்குச் சட்டங்களும் பரவாயில்லை. வெல்டிங் மூட்டுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான், குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று. கிடைக்கவில்லை. அவனுக்கு மட்டும் எப்படித்தான் எல்லாம் இவ்வளவு சுலபமாக அமைகிறதோ என்று நினைத்தபோது நெஞ்சு கசந்தது. வலது பக்கத்துப் பலகைகள் ஆறும் பேசின. இடது பக்கத்துக்கு நகர்ந்தான்.

முதல் பலகையைத் தட்டினான்.

மேலே ஒரு மிதி விழுந்தது.

வாயிலிருந்த டார்ச் நழுவிக் கழுத்தில் விழுந்தது. அவன் அசையாமல் கிடந்தான். தகரம் வெயிலில் சூடேறினால் இப்படிச் சத்தம் வரும், எத்தனை தடவை கேட்டிருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டான். வெயில் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டாவது பலகையைத் தட்டினான், மெதுவாக. மேலே, சரியாக அதே இடத்தில், ஒரு மிதி. கனமான, அவசரமில்லாத மிதி. பழக்கம் பொல்லாதது, நாக்கு தானாகவே “பேசுது” என்று சொல்லிவிட்டது.

வெளியே வந்து பின்கதவைத் திறந்தபோது உள்ளே யாரும் இல்லை. சின்னவன் விளையாடுகிறானோ என்று தடுப்புக்கு அந்தப் பக்கமும் பார்த்தான். ரப்பர் விரிப்பில் கை வைத்தான். வலது பக்கம் சில்லென்று இருந்தது. இடது பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் எதுவோ அங்கிருந்து எழுந்து போன மாதிரி.

வேறு ஆளாக இருந்தால் அப்போதே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். பெரியவனால் முடியவில்லை. பயந்துவிட்டான் என்று தெரிந்தால் சின்னவன் சிரிப்பான், பெண்டாட்டியும் சேர்ந்து சிரிப்பாள், அதைவிட அடியில் கிடப்பதே மேல். திரும்பவும் மல்லாந்து நுழைந்தான்.

மூன்றாவது பலகையைத் தட்டினான். சத்தமே இல்லை. ஈரத்துணியை அடித்த மாதிரி இருந்தது. மேலேயிருந்து மிதியும் வரவில்லை. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினான், பிடிவரைக்கும் உள்ளே போனது. அந்த இடத்தில் பலகையே இல்லை. துருவில் இற்றுப்போன ஒரு தகரத்தை ஆணியடித்து மூடி, தாரை அப்பி, மேலே புது விரிப்பைப் போட்டு ஏமாற்றியிருந்தார்கள். தகரத்தை நெம்பினான். உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓட்டையின் விளிம்பு கீழே பார்த்துப் பிளந்திருந்தது, மேலேயிருந்து ஏதோ கீழே இறங்கியது போல. தாரில் மயிர் ஒட்டியிருந்தது. குட்டையான, முரட்டு, பழுப்பு மயிர்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓடுகிற வண்டியில் ஒரு குதிரையின் கால் இந்த வழியாகச் சாலைக்கு இறங்கியிருக்கிறது. ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. வண்டி நிற்கும்வரை அந்தக் கால் சாலையில் ஓடியிருக்கும்.

சாக்பீஸை எடுத்தான். பெருக்கல் குறியின் முதல் கோட்டைப் போட்டுவிட்டான். இரண்டாவது கோட்டைப் போடத்தான் கை வரவில்லை.

ஃப்ரிட்ஜ் கதவு கண்முன் வந்து நின்றது. கன்னத்தோடு கன்னம். ஒரே ஒரு தடவை அவன் சறுக்கட்டுமே என்று மனசு சொன்னது. ஒரு தடவை அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லாமல் பார்க்க வேண்டும். குதிரைக்குத்தானே கால் போகும், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னது. இடது பக்கம் நிற்கப்போவது குதிரை இல்லை, சின்னவன் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் போட்ட கோட்டைக் கட்டைவிரலால் அழித்தான், தகரத்தை மீண்டும் பொருத்தினான், பட்டறை டப்பாவிலிருந்து தாரை எடுத்து அழகாகப் பூசினான். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கிற மாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னான்.

“பேசுது.”

மேலே மூன்று மிதி.

டக். டக். டக்.

தகரத்தின் விளிம்பிலிருந்து மூச்சு வந்தது. சூடான மூச்சு. ஈரப் புல் வாடை. அவன் முகத்தில் பட்டது. நின்றது. மீண்டும் பட்டது. அவன் முதுகு தேயத் தேய வெளியே ஊர்ந்து வந்தான். பட்டறைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தான். ட்ரெய்லர் இப்போது ஆறு விரல் தாழ்ந்திருந்தது.

அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்தான். வேண்டாம். உண்மையைச் சொல்லிவிடலாம். ஊமை என்று ஒரு வார்த்தை, அதோடு முடிந்தது. சின்னவன் இன்றைக்குப் போகாமல் இருப்பான், நாளைக்குப் புதுப் பலகை போட்டுக்கொடுக்கலாம். மனசு கொஞ்சம் லேசானது.

சரியாக நாலு மணிக்குச் சின்னவன் குதிரையை நடத்திக்கொண்டு வந்தான். பின்னாலேயே வாடகைக்குப் பேசிய பிக்கப் வந்து ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டியது. ஓட்டுநர் கதவைத் திறந்தபடி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். மகாராணி வலது பக்கம் ஏறுவதற்குள் பாடாய்ப் படுத்திவிட்டாள். ஏறியபின் தடுப்போடு ஒட்டவே மாட்டேன் என்று வெளிச்சுவரில் உடம்பை அழுத்திக்கொண்டு நின்றாள். இடது பக்கம் காலியான இடத்தையே பார்த்தாள். அவள் காதுகள் பின்னால் மடங்கியிருந்தன.

“என்னண்ணே, பேசுதா?”

பெரியவன் வாயைத் திறந்தான். ஊ என்று உதடு குவிந்தது.

“பேசுது” என்றது நாக்கு.

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்று ஆட்டினான். தம்பியின் கையைப் பிடித்து இழுத்தான். மறுபடியும் ஊமை என்று சொல்லப் பார்த்தான். “பேசுது. பேசுது.” குரல் அவனுடைய குரல்தான், நிதானமாக, பொறுப்பாக.

சின்னவன் அவன் கைகளை இறுகப் பற்றிக்கொண்டான். அண்ணன் சந்தோஷத்தில் தடுமாறுகிறான் என்று நினைத்துக்கொண்டான். “எனக்குத் தெரியும்ண்ணே. நீ கீழ படுத்துத் துருவெல்லாம் கண்ணுல வாங்கினதாலதான் நான் மேல நின்னேன். நான் மறக்கலை.” பிறகு முன்பக்கம் போய் ஒட்டியிருந்த காகிதத்தைச் சரக்கென்று கிழித்தான்.

சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது: அண்ணன் தம்பி. மகாராணியின் பெயர் எங்கேயும் இல்லை.

பெரியவன் தன்மேல் தடவித் தேடினான். சாக்பீஸ், சாக்பீஸ் எங்கே. சட்டைப் பையில் இல்லை. பட்டறைக்குள் ஓடினான். மேஜை. டப்பா. தரை. கிடைத்தது. திரும்புவதற்குள் பின்கதவு தாழிடும் சத்தம். எஞ்சின். பாட்டு.

“வர்றேண்ணே” என்று உள்ளேயிருந்து குரல், இடது பக்கத்திலிருந்து.

அவன் ஓடினான். கையைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினான். “பேசுது, பேசுது, பேசுது” என்று கத்தினான். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தான். சிரித்துக் கையசைத்தான். வண்டி முற்றத்தைத் தாண்டித் தார்ச்சாலையில் ஏறியது. ட்ரெய்லர் இடது பக்கம் சாய்ந்து, சாய்ந்து, சட்டம் சாலையை உரசுகிற அளவுக்குச் சாய்ந்தது.

அடியில் ஒரு கால் தொங்கியது.

பழுப்பு மயிர். தேய்ந்த குளம்பு. சாலையைத் தொட்டது. நடந்தது. வண்டியின் வேகத்துக்குச் சரியாக, அவசரமில்லாமல், நடந்தது.

உள்ளே மூன்று மிதி. லாடம் அடித்த குதிகால். டக். டக். டக். பலகை சரியா என்று கேட்கிற மிதி. சின்ன வயசிலிருந்து அவன் கேட்டுப் பழகியது.

பெரியவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

விரல்களுக்கு நடுவே வந்தது.

“பேசுது.”

குளம்புக்குப் பக்கத்தில் இன்னொரு கால் இறங்கியது. புது பூட்ஸ் போட்ட கால். அதுவும் நடந்தது.