ஊதாத விசில்

மூன்றாவது படத்தில் ஒரு மரம் கூடுதலாக இருந்தது.

லைட் பாக்ஸின் மேல் மூன்று ஸ்லைடுகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரே காடு, ஒரே விடியற்காலை, கேமரா ஸ்டாண்டை ஒரு விரல்கடைகூட நகர்த்தாமல் எடுத்தவை. மூடுபனியில் வெளிச்சம் அளக்கும் கேமரா மீட்டரை நம்ப முடியாது. வெள்ளைப் பனியைச் சாம்பலாக்கிக் கொடுத்துவிடும். ஸ்லைடு ஃபிலிமோ பிழை பொறுக்காது. அதனால் அவள் எப்போதும் ஒரே காட்சியை, ஷட்டரை நான்கு நொடி, எட்டு நொடி, பதினைந்து நொடி என்று திறந்து வைத்து, மூன்று தடவை எடுப்பாள். நான்கில் பதினொரு மரங்கள். எட்டிலும் பதினொன்று. பதினைந்தில் பன்னிரண்டு.

உருப்பெருக்கிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினாள். பன்னிரண்டாவது மரம் ஒல்லியாக, கிளையே இல்லாமல், ஆளுயரத்தோடு நின்றுபோயிருந்தது. பக்கத்திலிருந்த பெரிய மரத்தின் மேல் லேசாகச் சாய்ந்தாற்போல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நல்ல பகல். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தை விடாமல் கேட்டுக்கொண்டே அவள் அந்தப் பன்னிரண்டாவது மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷட்டர் அத்தனை நேரம் திறந்திருந்தால் அசைகிற எதுவும் படத்தில் தங்காது. குறுக்கே ஆள் நடந்து போனால்கூடத் தெரியாது. பனியே பாலாக வழிந்துவிடும். அசையாமல் நிற்பது மட்டும்தான் ஃபிலிமில் இறங்கும்.

அப்படி அசையாமல் நிற்கத் தெரிந்த ஒருத்தியை அவளுக்குத் தெரியும்.

மரங்களின் உயரம் தெரிய வேண்டுமென்றால் படத்தில் ஓர் ஆள் வேண்டும். பத்து வருஷமாக அந்த ஆள் அக்காதான். இருட்டோடு எழுப்பினால் முனகுவாள், ஆனாலும் வருவாள். "உன் படத்துல நான் கொசு சைஸுல இருக்கேன். இதுக்கு எதுக்குடி தலை சீவிட்டு வரச் சொல்ற?" என்பாள். பனிக்குள் தள்ளி நிற்பவளுக்குக் கத்திச் சொன்னால் சரியாகக் கேட்காது என்பதால் இவள் ஒரு விசில் வைத்திருந்தாள். ஒரு தடவை ஊதினால் அசையாதே. இரண்டு தடவை ஊதினால் போதும், வந்துவிடு. "நாய்க்குட்டியைப் பழக்குற மாதிரி என்னைப் பழக்கி வச்சிருக்கா, கேளுங்க" என்று அக்கா தன் கணவரிடம், மாமாவிடம், முறையிடுவாள். ஒருமுறை ஷட்டர் மூடுவதற்குள் அக்கா மூக்கைச் சொறிந்துவிட்டாள். அன்று இவள் திட்டிய திட்டில் அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு விசில் இரண்டு தடவை கேட்காமல் அக்கா அசைந்ததே இல்லை.

போன வருஷம், இதே காட்டில் ஒரு காலையில், ஒரு தடவை ஊதினாள். அக்கா பெரிய மரத்தில் கை வைத்து நின்றாள். ஷட்டர் மூடிய அதே நொடியில் வலப்பக்கம் பனி விலகி, மரங்களுக்கு நடுவே ஒரு கற்றை வெயில் இறங்கியது. அப்படி ஒரு வெளிச்சம் ஆயுசில் இரண்டு தடவை வராது. ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஃபிலிம் தீரும்வரை எடுத்தாள். அக்காவின் நினைப்பு வந்தபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. பனி இறுகியிருந்தது. எந்த மரம் என்று தெரியவில்லை.

தேட வந்தவர்கள் கேட்டார்கள். "அக்கா முன்னாடியே காருக்குக் கிளம்பிட்டாங்க" என்றாள். வாயில் வந்த முதல் வார்த்தை அது. வந்த பிறகு அதை விழுங்க முடியவில்லை. ஒன்பது நாள் அவர்கள் ரோட்டோரமாகவே தேடினார்கள். விசில் கேமராப் பையிலேயே இருந்தது. அவள் அதை ஊதவில்லை. ஊதினால், எதற்கு என்று கேட்பார்களே.

பன்னிரண்டாவது மரத்தைப் பார்த்த அடுத்த வாரம் மறுபடி தனியாகப் போனாள். அதே இடம். அரை நிமிஷம், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று ஷட்டரைத் திறந்து வைத்தாள். கேமராவின் கண் வழியாகப் பார்த்தபோது எதுவும் இல்லை. ஈர மண் வாசனை. இலையிலிருந்து இலைக்குச் சொட்டும் நீர். ஷட்டர் கேபிளைப் பிடித்திருந்த விரல் மரத்துப்போனது.

லேபிலிருந்து ஸ்லைடு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு நேராக மாமா வீட்டுக்குத்தான் போனாள். அக்கா போன பிறகு மாமா தனி ஆள். சமையல் மேடையில் ஒரே ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டு, ப்ரொஜெக்டரைச் சுவரைப் பார்த்து வைத்தாள்.

"காலண்டருக்கா?" என்றார் மாமா. "மழை, மரம், பனி. இதையேதானே எடுக்கற. ஒரு மாறுதலுக்கு ஒரு மாட்டையாவது எடேன்."

அவள் இரண்டு நிமிஷப் படத்தைப் போட்டாள்.

மாமா சிரிப்பை நிறுத்தினார். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் நிழல் காட்டின் மேல் விழுந்தது; ஒதுங்கிக்கொண்டார். பெரிய மரத்தில் கை வைத்து, ஒரு காலைச் சற்று மடக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து ஓர் உருவம் நின்றிருந்தது. முகம் தெரியவில்லை. மற்றபடி, பத்து வருஷத்துப் படங்களில் எல்லாம் நின்ற அதே நிற்பு.

அந்தப் படத்தில் மரங்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. அதை இருவருமே கவனிக்கவில்லை. ஒன்றைத்தான் பார்த்தார்கள்.

"இது மரம்மா" என்றார் மாமா, ரொம்ப மெதுவாக.

"மாமா, அக்கா காருக்கு வரல. நான்தான் நிக்கச் சொன்னேன். அசையாதேன்னு ஊதினேன். அப்புறம் ஊதல. மறந்துட்டேன்."

ப்ரொஜெக்டரின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களின் மேல் கைகளை வைத்துக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஸ்லைடு சூட்டில் லேசாக வளைந்து, படம் மங்கி, மறுபடி தெளிந்தது.

"ஒரு வருஷமா நிக்கறா" என்றார் கடைசியில். "போய்ச் சொல்லு. போதும்னு சொல்லு."

மறுநாள் விடியுமுன் மாமாதான் கார் ஓட்டினார். ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தி விளக்கை அணைத்தார். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

"நீ போ. நான் இங்கேயே இருக்கேன். சட்டையை இஸ்திரி போடாம வந்திருக்கேன், பார்த்தா கத்துவா." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அவள் கேமரா எடுத்துப்போகவில்லை. விசிலை மட்டும் கைக்குள் மூடிக்கொண்டு நடந்தாள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி பனி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வெளுத்துக்கொண்டு வந்தது. அழுகிய இலையின் வாசனையும் நனைந்த பட்டையின் வாசனையும் தொண்டைவரை இறங்கின. அவள் செருப்பின் சத்தம் அவளுக்கே கொஞ்சம் தாமதமாகக் கேட்பதுபோல் இருந்தது. ஸ்டாண்டின் மூன்று கால் பதிந்த குழிகள் இன்னும் மண்ணில் இருந்தன. அங்கே நின்றாள். எதிரே மரங்கள். வெறும் மரங்கள்.

ஊதினாள். ஒன்று. இரண்டு.

சத்தம் பனிக்குள் போய்த் திரும்பவில்லை.

நீர் சொட்டுவது நின்றது.

பிறகு ஒரு மூச்சு. நெடுநாள் அடக்கி வைத்திருந்து விடுகிற மூச்சு. எதிரிலிருந்து. இடப்பக்கத்திலிருந்து. முதுகுக்குப் பின்னாலிருந்து. ஒன்றல்ல.

மரங்களுக்குத் தோள்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றாகத் தளர்ந்து இறங்கின.

"அக்கா" என்றாள். மறுபடி சொன்னாள். "அக்கா."

"வந்துட்டியா?"

ஒரு கிழவரின் குரல். "வந்துட்டியா?" ஒரு குழந்தை. "வந்துட்டியா?" ஓர் ஆண். "வந்துட்டியா?" திசை தெரியாமல், எண்ணிக்கை தெரியாமல், எல்லோரும் அதையே கேட்டார்கள். யாரும் கோபமாகக் கேட்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இலைகள் மிதிபட்டன. மெதுவாக. நடந்து பழக்கம் விட்டுப்போன கால்கள்.

அவள் கையை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. சில்லென்று, ஈரமாக. திரும்பிப் பார்க்காமல் இழுத்துக்கொண்டு நடந்தாள். மேடு. சரிவு. ஒற்றையடித் தடம். பின்னால் காலடிகள்.

பனி மெலிந்தது. கார் தெரிந்தது. மாமா பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். இவளைப் பார்த்தார். இவள் கை பிடித்திருப்பதைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. ஒரு வருஷத்தில் அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அவர் ஓர் அடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார், பேர் சொல்ல.

சொல்லவில்லை. அவர் கண் இவள் தோளைத் தாண்டிப் போனது. இன்னும் பின்னால் போனது. இன்னும்.

அப்போதுதான் அவள் அந்தக் கையை உணர்ந்தாள். பெரிய கை. முரட்டு விரல்கள். அக்காவுடையது இல்லை.

திரும்பினாள். அந்தக் கைக்குரியவன் தன் மறுகையை நீட்டிப் பின்னால் வருபவளைப் பிடித்திருந்தான். அவள் ஒரு குழந்தையை. குழந்தை ஒரு கிழவரை. ரோட்டைக் கடக்கும் பிள்ளைகள்போல் கையோடு கை கோத்துக்கொண்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனியின் வெண்மை மட்டுமாக, அவர்கள் காட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தார்கள்.

விட்டுவிடலாம். விரலை விரித்தால் போதும்.

ஆனால் இதில் எங்கோ, எத்தனையாவதாகவோ, அக்கா இருப்பாள்.

அவள் விடவில்லை. இழுத்தாள். பனிக்குள்ளிருந்து இன்னொரு கை வெளியே வந்தது. அதைப் பிடித்தபடி இன்னொன்று.