முள் கட்டிய முன்கதவு

"நான் அந்த வீட்டுலதான் குடியிருக்கேன்னு நீங்க நிரூபிக்கணும். ஆனா யாரும் என் வீட்டுப் பக்கம் வந்துடக் கூடாது."

கமலம்மாள் இப்படிச் சொன்னதும் சௌம்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைசூரு விஜயநகரில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் நஞ்சுண்டசாமிக்கு அவள்தான் உதவியாளர். எத்தனையோ விசித்திரமான ஆட்களைப் பார்த்திருக்கிறாள், இது புதுசு.

விஷயம் இதுதான். அரசு வீட்டு வாரியத்துக்குச் சொந்தமான வீட்டில் கமலம்மாளும் கணவரும் வெகுகாலம் வாடகைக்கு இருந்தவர்கள். இடைவிடாமல் குடியிருப்பவர்களுக்கே வீட்டை விற்பதாக இப்போது வாரியம் அறிவித்திருக்கிறது. கணவர் ஆயுசு முழுக்க ஆசைப்பட்ட வீடு! அவர் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஆனால் "வீட்டில் யாரும் இல்லை" என்று வாரியம் மனுவைத் தள்ளிவிட்டது. அதற்கு ஆதாரம் ஒரு புகைப்படமும் ஒரு சாட்சியும். அந்தச் சாட்சி, கணவரின் அண்ணன் காளியப்பன்.

"அந்த ஆள்தான் சார்! தம்பி போனதும் வீட்டை அமுக்கப் பாக்கறார்," என்று குதித்தாள் சௌம்யா. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது துப்பறிகிறவர்களுக்கும் பொருந்தும்.

நஞ்சுண்டசாமி புகைப்படத்தை நிதானமாகப் பார்த்தார். "பூட்டு மேல சிலந்தி வலை. கதவைத் திறந்து மாசக்கணக்கு ஆயிருக்கும். போட்டோ பொய் சொல்லல. ஆனா ஓரத்துல துளசியைப் பாரு சௌம்யா. இந்தக் கோடையில பச்சைப்பசேல்னு நிக்குது. யார் தண்ணி ஊத்தறா? அப்புறம், கதவுல இந்த முள்ளு. காத்துல வந்து சிக்கினதில்ல, கயிறு போட்டுக் கட்டினது."

பிறகு மெல்லத் திரும்பினார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் எந்த நட்சத்திரத்துல போனார்?"

கமலம்மாளின் முகம் வெளிறிப்போனது. "அவிட்டம்," என்றார் முனகலாக.

சௌம்யாவுக்குப் பொறி தட்டியது. அவிட்டத்தில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்கு ஆறு மாதம் அடைப்பு. கதவில் முள் கட்டிவிட்டுக் குடும்பமே வேறு இடம் போய்விட வேண்டும். மீறி உள்ளே இருந்தால் சொந்தபந்தம் வாசல் மிதிக்காது.

"நாளைக்கு எல்லாரையும் உங்க வீட்டுக்கே வரச் சொல்றேன்," என்றார் நஞ்சுண்டசாமி. "வேற வழி இல்லம்மா. மறைச்சா வீடு போயிடும்." கமலம்மாள் வெகுநேரம் அழுதுவிட்டுத் தலையாட்டினார்.

மறுநாள் காலை அந்த முள் கட்டிய கதவின் முன்னால் வாரிய அதிகாரி நின்றார். கொள்ளேகாலத்திலிருந்து வந்த காளியப்பன் தள்ளியே நின்றார். கமலம்மாள் தலை குனிந்தபடி ஓரமாக நின்றார்.

"இந்த முள்ளைக் கட்டினது யாருங்க?" என்று கேட்டார் நஞ்சுண்டசாமி.

"நாந்தானுங்க. இந்த அம்முணி ஸ்ரீரங்கப்பட்டணத்துல தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்னுச்சு. பூட்டிச் சாவிய நாந்தான் கொண்டுபோனேன். வாரியத்துல கேட்டாங்க, உள்ளதச் சொன்னேனுங்க."

சௌம்யா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம்!

"வாரியமும் பொய் சொல்லல, நீங்களும் பொய் சொல்லல," என்றார் நஞ்சுண்டசாமி. "வீட்டுலதான் இருக்கேன்னு வாரியத்துகிட்ட அம்மா சொன்னதும் நிஜம். அவங்க பொய் சொன்னது உங்ககிட்ட மட்டுந்தான். வாங்க."

சந்து வழியாகப் பின்பக்கம் போனார்கள். "ஹௌதா, அப்படியா! இங்க ஒரு வாசல் இருக்கா?" என்று வாய் பிளந்தார் அதிகாரி. கொடியில் சேலை காய்ந்தது. சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மூலையில் பாய் சுருட்டிக் கிடந்தது. காலி செய்துவிட்டுப் போனால் வீடு கைவிட்டுப் போகும், இருப்பது தெரிந்தால் சொந்தம் கைவிட்டுப் போகும் என்று பயந்து, ஐந்து மாதமாக அந்தச் சமையலறைக்குள்ளேயே காலம் தள்ளியிருக்கிறார் கமலம்மாள்.

காளியப்பன் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். "அடைப்பு வச்ச ஊட்டுக்குள்ளயா? தன்னந்தனியாவா? பயமே இல்லியா அம்முணி உனக்கு?"

கமலம்மாள் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார். "அவரு திரும்பி வந்துடுவாருன்னுதானே மாமா எல்லாரும் பயப்படறீங்க? வந்தா, நான் இங்க இருக்க வேண்டாமா?"

காளியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரியிடம் திரும்பினார். "எழுதிக்குங்க சார். இந்த ஊட்டுல குடியிருக்கறது என் தம்பி பொண்டாட்டிதான்."

பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக உள்ளே போய்ப் பாயை விரித்து உட்கார்ந்தார். "காப்பி வை, அம்முணி."